அறுவடை மழையும் அறமும்

மழை வேண்டிப் பூசை செய்கின்ற மரபு நமக்கு உண்டு. வானம் பொய்த்த காலத்தில் அபிஷேகம் செய்கிறோம், நேர்த்தி வைக்கிறோம். திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பு அமைந்திருப்பதை மேடைகளிலே பெருமையோடு எடுத்துச் சொல்லுகிறோம். ஆனால் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கின்ற வேளையில் அதே மழை வந்துவிட்டால் என்ன சொல்லுவது? கேட்டுப் பெற்ற வரத்தையே வேண்டாம் என்று சொல்லலாமா? நனைந்து கெடுகின்ற நெல்லின் நட்டம் யாரைச் சேர வேண்டியது? இந்த வினாக்கள் வயல் உள்ளவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. சோறு உண்ணும் அனைவருக்கும் உரியவை.

கண்டியைச் சூழ்ந்துள்ள நமது மலைநாட்டில் மேலே தேயிலை, கீழே பள்ளத்தாக்கில் வயல். பெரும்போகம் செப்டெம்பர் முதல் மார்ச் வரையும், சிறுபோகம் மே முதல் ஆகஸ்ட் வரையும் என்று கணக்கிடப்படுகின்றன. வடகீழ்ப் பருவமழை நீண்டுவிட்டால் பெரும்போக அறுவடை நனைகிறது. சிறுபோக விதைப்புப் பிந்திவிட்டால் அந்த அறுவடை ஒக்டோபர் மழையில் அகப்பட்டுக்கொள்கிறது. பெப்ரவரி மாதத்தில் வயற்காரர் வெயிலைக் கேட்டு நிற்கிறார். அதே நாளில் மேட்டிலே தேயிலை வரட்சியால் துளிர்க்காமல் நிற்க, கொழுந்து பறிக்கும் தாய் மழையைக் கேட்டு நிற்கிறாள். இரண்டு வேண்டுதலும் நியாயமானவை. இரண்டு பேரும் ஒரே வானத்தின் கீழ் வாழ்பவர்கள். இறைவன் யாருடைய விண்ணப்பத்தைக் கேட்பது?

இதற்கு நம்மால் விடை சொல்ல முடியாது. மழை யார் வயல் என்று பார்த்துப் பெய்வதில்லை. எனவே மழை ஏன் பெய்தது என்ற வினாவை இறைவனிடமே விட்டுவிடுவோம். மழை பெய்த பின்பு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும் வினா. மழை இறைவன் செயல். நனைந்த நெல்லுக்கு வைக்கப்படும் விலை மனிதன் செயல்.

முதலில் நெல்லுக்கு என்ன நேருகிறது என்று பார்ப்போம். அறுவடை செய்யும்போது நெல்லில் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம் வரை ஈரம் இருக்கும். களஞ்சியத்தில் வைப்பதற்கு அது 14 சதவீதமாகக் குறைய வேண்டும். நமது நாட்டின் நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 சதவீதத்தையே அளவாகக் கொண்டுள்ளது. வெட்டிய நெல்லை 24 மணித்தியாலத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும் என்பது விவசாய நிபுணர்களின் அறிவுரை. ஈர நெல்லைக் குவித்தோ மூட்டையில் கட்டியோ வைத்தால் உள்ளே சூடேறி, அரிசி மஞ்சளித்து, பூஞ்சணம் பிடிக்கும். சாய்ந்து நீரில் கிடக்கும் கதிரோ நின்ற இடத்திலேயே முளைக்கத் தொடங்கிவிடும். படிக்கட்டுப் போன்ற சிறிய வயல்களில் பெரிய அறுவடை இயந்திரம் இறங்காது. ஈரமான வயலில் இறங்கினாலும் புதைந்துவிடும். ஆகவே அரிவாளும் ஆட்களுமே துணை. ஒரு நாள், இரண்டு நாள் என்ற கணக்கில்தான் நான்கு மாத உழைப்பு தப்புவதும் கெடுவதும்.

இந்த அவசரத்தில்தான் அநியாயம் நுழைகிறது. மழைநீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல, மழையால் வரும் நட்டமும் கீழே உள்ளவரை நோக்கியே ஓடுகிறது. அரிவு வெட்ட வந்தவர் காலையில் வேலை தொடங்குகிறார். பத்து மணிக்கு மழை கொட்டுகிறது. வேலை நின்றுவிடுகிறது. "வெட்டிய அளவுக்குத்தான் கூலி" என்று அவரை அனுப்பிவிடுவது சிலருக்கு வழக்கம். ஆனால் அன்று வேறெங்கும் போகாமல் நம்மை நம்பி வந்தவர் அவர். மழையை அவர் கொண்டுவரவில்லையே! வயலுக்கு உரியவர் ஒரு பங்கையாவது ஏற்றுக்கொள்வதே நீதி.

அடுத்து வயற்காரர். அவர் வியாபாரி முன் நிற்கும்போது நிலைமை தலைகீழாகிறது. "ஈரம் அதிகம், இவ்வளவு கிலோ கழிப்போம்" என்கிறார் வியாபாரி. கழிப்பது தவறல்ல. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 91 கிலோ நிற்கும். ஆக, 9 கிலோவைக் கழிப்பது நியாயமான கணக்கு. உலர்த்தும் கூலியையும் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கழிப்பது ஈரத்தைக் கழிப்பது ஆகாது. நெல்லை வைத்திருக்க இடமில்லாத ஏழையின் தவிப்பை விலைக்கு வாங்குவதாகும். அதேபோல, ஈர நெல்லை மூட்டையின் நடுவில் மறைத்து, மேலே உலர்ந்த நெல்லைப் பரப்பி விற்பவரும் தண்ணீரை நெல் விலைக்கு விற்கிறார். தராசு இரு பக்கமும் நேராக நிற்க வேண்டும்.

இந்த நட்டத்தை ஒருவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்பதை அரசுகளும் உணர்ந்துள்ளன. தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் குறுவை அறுவடை ஒக்டோபர் மழையில் நனைவது அடிக்கடி நிகழ்வது. அங்கே அரசுக் கொள்முதலுக்கு 17 சதவீத ஈரமே வரம்பு. மழை மிகுந்த ஆண்டுகளில் அந்த வரம்பை இந்திய மத்திய அரசு தளர்த்தியிருக்கிறது. நமது நாட்டில் 2011ஆம் ஆண்டு ஜனவரியிலும் பின்னர் பெப்ரவரியிலும் கிழக்கு மாகாணத்தில் பெய்த பெருமழையில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள்; மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்போக வயல்கள் நீரில் மூழ்கின. அங்கே விளையும் அரிசியை உண்ணுகின்ற மலைநாட்டு மக்களாகிய நாம் அதை விலையேற்றமாக மட்டும் கண்டோமா, ஒரு குடும்பத்தின் கண்ணீராகவும் கண்டோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"எல்லாம் அவரவர் வினைப்பயன், நாம் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் சொல்லக்கூடும். வினைக் கொள்கை நமது சமயத்தின் அடிப்படைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எனக்கு வந்த துன்பத்தை நான் பொறுத்துக்கொள்வதற்காகத் தரப்பட்டது. பிறருக்கு வந்த துன்பத்தை நான் பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பதற்காகத் தரப்படவில்லை. அயலவரின் நெல் நனைவது அவருடைய வினை என்றால், அதைக் கண்டும் நமது தறப்பாளைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்திருப்பது நமது வினையாகிவிடும்.

கண்டிக் கிராமங்களில் 'அத்தம்' என்றொரு வழக்கம் இருந்தது. இன்று நீ என் வயலில் வெட்டினால் நாளை நான் உன் வயலில் வெட்டுவேன் என்னும் உழைப்புக் கைமாற்று அது. கூலிப் பணம் பெருகப் பெருக அது குறைந்துபோயிற்று. மழைக்காலத்திலாவது அதை மீட்டுக்கொள்ளலாம். அப்போது யார் வயலை முதலில் வெட்டுவது என்ற வினா எழும். பணம் உள்ளவர் வயலையா, செல்வாக்கு உள்ளவர் வயலையா? எந்தக் கதிர் அதிகம் முற்றியிருக்கிறதோ, எந்த வயலில் நீர் ஏறுகிறதோ, அதையே முதலில் வெட்ட வேண்டும்.

இதில் ஆலயத்துக்கும் பங்கு உண்டா? உண்டு என்றே சொல்ல வேண்டும். கோயிலும் நெல்லும் பிரிந்திருந்தவை அல்ல. பாபநாசத்துத் திருப்பாலைத்துறைக் கோயிலிலே தஞ்சை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், செங்கல்லால் எழுப்பப்பட்ட பெரிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அதன் கொள்ளளவு 3000 கலம் என்பர். ஓர் ஆலய மண்டபம் 20 அடிக்கு 40 அடி என்று வைத்துக்கொண்டால், மூன்று சென்ரிமீற்றர் கனத்தில் ஆயிரம் கிலோவுக்கு மேல் நெல்லைப் பரப்பலாம். கூரையின் கீழ் அது முற்றாக உலராதுதான். ஆனால் அடிக்கடி கிளறிவிட்டால் சூடேறிக் கெடாமல் இரண்டொரு நாள் காக்கலாம்; வெயில் கண்டதும் வெளியே பரப்பலாம். இதனால் மண்டபத்தின் தூய்மை கெடுமா என்று கேட்பவர்கள், சூடு மிதிக்கும் களத்தையே நம் முன்னோர் கோயிலாக மதித்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். செருப்புடன் அங்கே எவரும் கால் வைத்ததில்லை. சிங்களக் கிராமத்துக் 'கமத'விலும் அதே வழக்கம். களத்தைக் கோயிலாக்கியவர்களுக்குக் கோயில் இரண்டு நாள் களமாவது குறையாகத் தோன்றியிருக்காது. நித்திய பூசைக்கும் உள்வீதிக்கும் இடையூறு இல்லாமல் இதை ஒழுங்குசெய்வது பரிபாலன சபையினருக்குக் கடினமான காரியமும் அல்ல.

நெல்லுக்கு உரியவர் நமது கோயிலுக்கு வருபவரா, விகாரைக்குப் போகிறவரா என்றும் பார்க்க வேண்டியதில்லை. ஜனவரியில் நாம் தைப்பொங்கல் பொங்குகிறோம். அதே மாதத்துத் துருது போயாவை ஒட்டித் தலதா மாளிகையிலும், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களிலும் புத்தரிசி விழா நடைபெறுகிறது. கதிர்காமத்தானும் பத்தினியும் நமக்கு அந்நியரா? புத்தரிசியை முதலில் தெய்வத்துக்குப் படைக்கும் மனம் இரு சாராருக்கும் ஒன்றே.

எனவே அடியார்களே, அறுவடை நாளில் மழை இறங்கினால் வெயிலை வேண்டிக்கொள்வோம்; அதில் தவறில்லை. வேண்டிய கையோடு தறப்பாளையும் எடுத்துக்கொண்டு அயலவரின் களத்துக்குச் செல்வோம். கூலியைக் குறைக்காமல், தராசைச் சாய்க்காமல் நடந்துகொள்வோம். அப்படி வந்து சேரும் நெல்லில் பொங்கிய அமுதையே ஆண்டவன் விரும்பி ஏற்றருளுவான் என்பது நமது நம்பிக்கை. நாடு செழிக்கவும், மேட்டிலே கொழுந்தும் பள்ளத்திலே நெல்லும் ஒருங்கே விளையவும், எல்லா உயிர்களும் இன்புற்று வாழவும் எல்லாம் வல்ல இறைவனின் திருவருளை வேண்டுவோமாக.