அடுத்த வீட்டு அமானிதம்



விசாலமான வீடும், ஸாலிஹான அண்டை வீட்டாரும், இணக்கமான வாகனமும் ஒரு முஸ்லிமுக்குக் கிடைத்த பாக்கியங்களில் உள்ளவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். சந்தடி மிகுந்த நகரத்தின் நடுவை விட்டுப் புறநகருக்குக் குடியேறிய நம்மில் பலர், இம்மூன்றில் முதலாவதையும் மூன்றாவதையும் தேடித்தான் வந்தோம். அல்ஹம்துலில்லாஹ், இரண்டும் கிடைத்தன. நடுவில் உள்ளதை மட்டும் நாம் மறந்துவிட்டோமோ என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னையையே எடுத்துக் கொள்வோம். 1931-ஆம் ஆண்டு கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே நகரம் தெற்கே நீண்டு கொண்டு போயிற்று. மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் ஒரே சுவருக்கு இருபுறமும் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், இன்று பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று அதற்கும் அப்பால் வீடு கட்டிக் கொண்டிருக்கிறார்கள். அந்தப் பழைய சந்துகளில் ஒரு வீட்டுக் குழந்தை விடாமல் அழுதால், "பிள்ளைக்கு என்னம்மா?" என்று அடுத்த வீட்டிலிருந்து குரல் வந்துவிடும். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். அது தொந்தரவாகவும் இருந்தது, துணையாகவும் இருந்தது.

புறநகரின் தெருவோ அமைதியானது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மதில், ஒரு இரும்புக் கேட், கேட்டுக்குள் ஒரு முருங்கையோ மாமரமோ. பகலில் காக்கையின் குரலும், காய்கறி வண்டிக்காரரின் குரலும்தான் கேட்கும். குர்ஆன் ஓதவும், தஹஜ்ஜுத் தொழவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும் இதைவிட ஏற்ற இடம் எது? இந்த அமைதி நிச்சயமாக ஒரு நிஃமத்துதான். ஆனால் எந்த நிஃமத்தும் கேள்வி கணக்கில்லாமல் கொடுக்கப்படுவதில்லை.

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனா மாநகருக்கும் புறநகர்கள் இருந்தன. பனூ ஸலிமா என்னும் கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவிக்குத் தொலைவில் குடியிருந்தார்கள். பள்ளிவாசலைச் சுற்றிச் சில மனைகள் காலியானபோது, அங்கேயே குடிவந்துவிட அவர்கள் ஆசைப்பட்டார்கள். ஆசையில் தவறென்ன? ஐவேளையும் ஜமாஅத்துக்கு வந்து சேர எளிதாயிருக்கும் அல்லவா? ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதைக் கேள்வியுற்று, இருக்கும் இடத்திலேயே இருங்கள், நீங்கள் எடுத்து வைக்கும் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். மதீனாவின் ஓரங்கள் ஆளில்லாமல் வெறுமையாவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்றும் ஹதீஸில் வந்திருக்கிறது. நம் வீடுகளில் சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடமான யாஸீன் ஸூராவின் 12-ஆவது ஆயத்தில், மனிதர்கள் முற்படுத்தி அனுப்பியவையும் அவர்கள் விட்டுச் சென்ற சுவடுகளும் எழுதப்படுவதாக அல்லாஹ் கூறுவதை, இந்நிகழ்ச்சியோடு இணைத்தே முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்குகிறார்கள்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களும் ஒரு காலத்தில் மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலீயில்தான் வசித்தார்கள். தினமும் நபியவர்களின் சபைக்கு வர இயலாததால், அன்ஸாரியான தம் அண்டை வீட்டாரோடு முறை வைத்துக் கொண்டார்கள். ஒரு நாள் இவர் போவார், மறுநாள் அவர் போவார். போனவர் அன்று இறங்கிய வஹீயையும் மற்றச் செய்திகளையும் திரும்பி வந்து சொல்ல வேண்டும். நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் மனவருத்தம் நேர்ந்த ஓர் இரவில், அந்த அன்ஸாரி வந்து உமர் (ரலி) அவர்களின் கதவைப் பலமாகத் தட்டினார் என்று புகாரி ஷரீஃபில் காண்கிறோம். தூரத்தில் குடியிருந்தாலும் தட்டுவதற்கு ஒரு கதவும், தட்டுவதற்கு ஓர் ஆளும் அவர்களுக்கு இருந்தார்கள்.

சகோதரர்களே! நம்மிடம் அது இருக்கிறதா? பிறருக்குச் சொல்லுமுன் நம் குறையைச் சொல்வதே முறை. ஆகவே நாம் குடியிருக்கும் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

நமக்கு மூன்று வீடு தள்ளி, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் இந்து அம்மையார் தனியே வசித்து வந்தார். பிள்ளை வெளியூரில். பெருநாளன்று நம் வீட்டிலிருந்து ஒரு தட்டு போகும்; பொங்கலன்று அங்கிருந்து ஒரு தட்டு வரும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தட்டுகள், அவ்வளவுதான் உறவு. ஒரு நாள் ஃபஜ்ர் தொழுகைக்குப் போய்விட்டு நன்றாக வெளிச்சமான பின் திரும்புகிறோம். அவர் வீட்டு வாசல் விளக்கு இன்னும் எரிந்து கொண்டிருந்தது. கேட்டில் தொங்கும் பையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் இருந்தது. நாம் பார்த்தோம். பார்த்தும், 'இன்று அசந்து தூங்குகிறார் போலும், நமக்கேன்?' என்று நடந்துவிட்டோம்.

பதினொரு மணிக்கு வேலை செய்யும் பெண் வந்து தட்டிப் பார்த்துக் கூச்சல் போட்ட பிறகே தெரிந்தது. முந்திய இரவே குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. "விடியக்காலையிலே உங்க செருப்புச் சத்தம் கேட்டுது பாய். கூப்பிட்டேன், குரல் எழும்பலே" என்று மட்டும் சொன்னார்.

பள்ளிவாசலுக்குப் போகும் ஒவ்வொரு காலடிக்கும் நன்மை எழுதப்படுகிறது என்று நம்பித்தான் நடந்தோம். அந்தக் காலடிகளை ஒருவர் தரையில் கிடந்தபடி எண்ணிக் கொண்டிருந்தார். அவர் கேட்டுக்கும் நமக்கும் இடையில் இருந்த நாலு அடியை நாம் எடுத்து வைக்கவில்லை. எழுதும் மலக்குகள் இரண்டையும் எழுதாமலா இருந்திருப்பார்கள்? சிகிச்சை முடிந்ததும் அவரை மகன் தம் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கேட்டைக் கடந்துதான் இன்றும் தொழப் போகிறோம்.

'அவர்கள் வேறு மதத்தார் ஆயிற்றே' என்று யாரும் சமாதானம் தேட வேண்டாம். அந்நிஸா அத்தியாயத்தின் 36-ஆவது ஆயத்தில் உறவினரான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே அல்லாஹ் குறிப்பிடுகிறான். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு, ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி வலியுறுத்திக் கொண்டே இருந்ததையும் எடுத்துச் சொன்னார்கள்.

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து, முடிச்சூர் முதலிய புறநகர்ப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறந்திருக்க முடியாது. அப்போது மதில்கள் எங்கே போயின? பல பள்ளிவாசல்கள் சாதி மத பேதமின்றி எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன. மாடி வீட்டார் தரை வீட்டாரை ஏற்றிக் கொண்டார்கள். பல ஆண்டுகள் ஒரே தெருவில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள் அன்று ஒரே சட்டியில் சோறு பகிர்ந்தார்கள். தண்ணீர் வடிந்தது, மதில்கள் மறுபடி எழுந்து நின்றன. வெள்ளம் வந்துதானா நாம் அண்டை வீட்டாரை அறிய வேண்டும்?

ஆனால் ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். அக்கறை வேறு, துருவல் வேறு. பிறர் குறையைத் துருவித் தேடுவதைக் குர்ஆன் தடுத்திருக்கிறது. யார் வந்தார், யார் போனார், மருமகள் ஏன் தாய் வீட்டில் இருக்கிறாள் என்று ஜன்னலோரம் நின்று கணக்கெடுப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் ஹக்கு அல்ல. இரவெல்லாம் நின்று வணங்கியும், பகலெல்லாம் நோன்பிருந்தும், நாவினால் அண்டை வீட்டாரை நோவித்த பெண்ணின் முடிவு நரகம் என்று ஹதீஸில் எச்சரிக்கப்பட்டிருப்பதை நம் சகோதரிகளும் சகோதரர்களும் ஒருங்கே நினைவில் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. தெருவில் இருபுறமும் குடியிருப்போரின் பெயரைத் தெரிந்து கொள்ளுங்கள். தனியே இருக்கும் முதியோர் யார் என்று அறிந்து, அவர்கள் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். குழம்பு வைத்தால் கொஞ்சம் தண்ணீர் கூட்டி அண்டை வீட்டாரை நினைக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நோன்புக் கஞ்சிக்கும் அது பொருந்தும். யாருக்கு முதலில் கொடுப்பது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, வாசல் நெருங்கியவருக்கு என்று விடை கிடைத்தது. பிறர் கேட் வாசலில் காரை நிறுத்தாதீர்கள். ஸஹருக்கு எழுந்ததைத் தெருவுக்கே அறிவிக்காதீர்கள். குர்பானியின் கழிவை உடனே புதைத்து அப்புறப்படுத்துங்கள். எடுக்கப்படாத பால் பாக்கெட்டையோ, விடிந்தும் எரியும் விளக்கையோ கண்டால், கதவைத் தட்டுங்கள். தவறாகத் தட்டிவிட்டால் ஒரு நிமிட வெட்கம். தட்டாமல் விட்டால் என்னாகும் என்பதை நாம் அனுபவித்துச் சொல்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் தெருக்களுக்கு நீ கொடுத்த அமைதியை எங்களுக்குக் கஃப்லத்தாக ஆக்கிவிடாதே! உன் பள்ளிக்கு நடக்கும் கால்களை, உன் படைப்புகளின் வாசலிலும் நிற்கும் கால்களாக ஆக்குவாயாக! நாங்கள் கேட்டும் கேளாமல் போனவற்றை மன்னித்தருள்வாயாக! ஆமீன்.