அக்கா வீட்டுக்குப் போகும் பாதை

கொழும்பிலிருந்து மட்டக்களப்புப் பக்கத்துக் கல்குடாவுக்குத் தரைவழி ஏறக்குறைய 300 கிலோமீற்றர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டுநாயக்காவில் இறங்கி, உறவினர் பிடித்துவந்த வானில் ஏறுவார்கள். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, மின்னேரியா, பொலன்னறுவை, வெலிக்கந்தை, புணானை, ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று வழி நீளும். ஹபரணை தாண்டினால் யானைக்குப் பயந்து இரவில் வேகத்தைக் குறைக்க வேண்டும். மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்க நெடுங்காலம் ஒரே ஒரு இரும்புப் பாலந்தான். 1922இல் கட்டிய அதன்மேல் ரயிலும் பஸ்ஸும் முறைவைத்துப் போயின. 2007இல் வாகனங்களுக்குத் தனிப் பாலம் திறக்கப்பட்டது. ஓட்டமாவடியிலும் பின்னர் அதே மாற்றம் வந்தது. போர்க்காலத்தில் இந்த வழியில் சோதனைச்சாவடிகளில் மூட்டை முடிச்சோடு இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி ஏற வேண்டியிருந்தது. அன்று எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று புறப்படும்போது யாரும் சொல்ல முடியாது. இன்று காலையில் வெளிக்கிட்டால் மாலைக்குள் கடலைப் பார்க்கலாம்.

வழி சுலபமாகிவிட்டது. ஆனால் ஊருக்குப் போகிறவர் யாருடைய வீட்டில் இறங்குகிறார் என்ற கேள்வி பழையபடியே இருக்கிறது. அதற்கு மட்டக்களப்புப் பக்கம் ஒரு தனி விடை உண்டு.

இக்கரையோரத்தில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். பெற்றோர் கட்டிய வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகும். அவர்கள் பக்கத்து வளவிலோ ஒரு சிறு வீட்டிலோ ஒதுங்கி, அடுத்த மகளுக்கு அத்திவாரம் போடுவார்கள். தமிழரிடம் மட்டுமன்றி, ஓட்டமாவடி, ஏறாவூர் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்கே போகும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. தாய்வழிச் சொத்துரிமையைக் காத்த முக்குவர் சட்டம், 1876ஆம் ஆண்டின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு நீதிமன்றங்களில் வழக்கொழிந்தது. வீடுகளில் அது ஒழியவில்லை. உறுதி யார் பெயரில் என்று இன்றைக்குக் கேட்டாலும், பெரும்பாலான குடும்பங்களில் ஒரு பெண்ணின் பெயர்தான் வரும்.

ஆகவே கல்குடாவில் பிறந்த ஆண், லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போகாமல் பத்துக் கிலோமீற்றர் தள்ளிக் கிரானில் சம்பந்தம் செய்திருந்தாலும், பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் திரும்பியிருப்பான். அங்கே அக்கா இருப்பாள், மச்சான் இருப்பார், பிள்ளைகள் 'மாமா' என்று ஓடிவரும். புலம்பெயர்வு வந்து அவனை அந்நியனாக்கியது என்று புலம்புவது இந்த மண்ணின் கணக்கில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை இந்த மண்ணே முன்கூட்டி ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அதற்கு ஈடாக ஒரு பதவியையும் கொடுத்திருந்தது: தாய்மாமன். மருமகளின் சாமத்தியத்திலும் கலியாணத்திலும் அவன் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வேறொருவர் அதை நிரப்பினால் நிரப்பியதாகத் தெரியாது. பலருடைய பயணத் திகதியைத் தீர்மானிப்பது விடுமுறையல்ல, இத்தகைய ஒரு வீட்டு விசேஷந்தான். அல்லது வைகாசியில் கதவு திறந்து குளிர்த்தியோடு முடியும் கண்ணகி அம்மன் சடங்கு.

வீடு கட்டும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தகப்பனும் அண்ணன்மாரும் உழைத்துச் சேர்த்த காலம் போய், 1980களிலிருந்து குவைத், சவூதி, கட்டார் என்று வீட்டுவேலைக்குப் போன தாய்மாரும் இந்தச் சுமையை ஏற்றார்கள். கட்டுநாயக்காவிலிருந்து கிழக்குக்குத் திரும்பும் வான்களில் ஏறுகிறவர்களுள், கனடாவிலிருந்து வருகிறவரைவிட இவர்களைப் பற்றித்தான் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. தாங்கள் இல்லாதபோது எழுந்த சுவருக்குள் இவர்கள் நுழைகிறார்கள். அந்தச் சுவர் மகளுக்கு. சிறிசில் விட்டுப்போன பிள்ளை முதலிரண்டு நாள் அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று பார்க்கும்.

வீடு அதே வீடாக இருப்பதும் அரிது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி இந்த மாவட்டத்தின் கூரைகளையும் தென்னந்தோப்புகளையும் சாய்த்தது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது ஊர் ஊராக மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 கடல் ஏறி வந்தது; அதன்பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு ஒரு எல்லை கீறிப் பிறகு தளர்த்தியது. பிறந்த வீட்டைக் காட்டு என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை கேட்டால், சிலர் ஒரு கிணற்றைத்தான் காட்ட முடியும்.

இப்படி வந்து சேர்ந்தவரிடம் ஊர் முதலில் கேட்பது, "எப்ப வந்த நீங்க?" அடுத்தது, "எப்ப போற?" இரண்டாவது கேள்வி சிலரைச் சுடுகிறது. சுட வேண்டியதில்லை. எத்தனை வேளை சமைப்பது, எந்த நாளில் எருமைத் தயிர் சட்டி வாங்குவது, யார் வீட்டில் பகல் சோறு, யார் வீட்டில் இராச் சோறு என்று பங்கிட அந்தக் கணக்கு வேண்டும். ஒரு மாமி வீட்டில் சாப்பிட்டு மற்ற மாமி வீட்டில் தேத்தண்ணியோடு எழும்பினால் அது வருடக்கணக்கில் பேசப்படும். உண்மையில் கண்டிக்க வேண்டியது வேறொன்று: தான் போன பின் ஊர் மாறியதற்கு ஊரைக் குற்றம் சொல்வது. மண்பாதை தார் போட்டதற்கும் குடிசை கல்வீடானதற்கும் வருந்துகிறவர், அந்தப் பாதையில் மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்கு நடந்தவரல்ல.

சந்திக்க ஆளில்லாமல் திரும்புவதற்கும் இதே வழியில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1924இல் சுட்டுக் கொல்லப்பட்ட புணானை ஆட்கொல்லிச் சிறுத்தையின் பெயரில் கிறிஸ்தோபர் ஒந்தாச்சி 1992இல் ஒரு பயண நூல் வெளியிட்டார். 1947இல் சிறுவனாக இலங்கையை விட்டு, பிறகு கனடாவில் செல்வந்தரானவர். காட்டுக்குள் போனதோடு, இறந்துபோன தந்தையையும் தேடிப் போனார். அவருடைய பயணம் நினைவுக்குள். கல்குடாக்காரருடையதோ சாப்பாட்டுப் பாயில் முடிகிறது. பின்னதுதான் கடினம். நினைவு திருப்பிக் கேள்வி கேட்காது, மச்சாள் கேட்பாள்.

அக்காவும் வெளிநாடு போய்விட்ட குடும்பங்களில் இந்த ஒழுங்கு அறுகிறது. அவர்கள் பாசிக்குடாவில் அறை எடுக்கிறார்கள். போருக்குப் பின், 2011 முதல், அந்த ஆழமில்லாத குடாவைச் சுற்றிப் பெரிய விடுதிகள் எழுந்தன. சொந்தக் கடலை வாடகைக்கு எடுத்த சன்னல் வழியாகப் பார்ப்பது சட்டப்படி தவறல்ல, வசதியும் கூட. ஆனால் பார்க்க வரும் சின்னம்மா அந்த வரவேற்பறையில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்குவார். மீன்பொதியை எங்கே வைப்பது என்றும் அவருக்குத் தெரியாது. இதை உணர்ந்த சிலர் எஞ்சிய வளவை விற்காமல், ஊரில் தங்கிவிட்ட ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்குச் சீதனமாக எழுதுகிறார்கள். வீடு கட்டப் பணமும் அனுப்புகிறார்கள். அப்படி எழுதியவர் அடுத்த முறை வரும்போது இறங்க ஒரு வீடு இருக்கும், அது மருமகளுடையது.