அனுதாபம் போட்ட மார்க் அல்ல

பிரிட்டனின் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்’ நடனப் போட்டியில் 2021-ல் வென்ற ரோஸ் எய்லிங்-எல்லிஸ் பிறவியிலேயே காது கேளாதவர்; அந்த நிகழ்ச்சிக்கு வந்த முதல் காது கேளாத போட்டியாளரும் அவரே. ‘அனுதாப ஓட்டு’ என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. இறுதிச் சுற்று நேயர் வாக்கில்தான் முடிகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் 6-ஆம் வாரத்திலேயே அவரும் இணையர் ஜோவன்னி பெர்னீச்சேயும் 40-க்கு 40 வாங்கினார்கள். அது நடுவர்கள் போட்ட மார்க். அவருடன் சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார். திறமை அவருடையது, அது அரங்கேற வழிவிட்டது அந்த ஏற்பாடு.

இங்கே திறமைக்கா பஞ்சம்? செவித்திறனும் பேச்சும் இல்லாத அபிநயா ‘நாடோடிகள்’ (2009) படத்துக்காக ஃபிலிம்ஃபேர் துணை நடிகை விருது பெற்றார். ஆனால் ரியாலிட்டி ஷோவின் கதை வேறு; அங்கே திறமையோடு ஏற்பாடும் வேண்டும். பிக் பாஸ் வீட்டையே பாருங்கள்: உருவமில்லாத ஒரு குரல்தான் கட்டளையிடுகிறது. அதே கட்டளையை எழுத்தாகவும் காட்டினால் என்ன கெட்டுவிடும்? செலவு என்பார்கள். அந்த செட்டின் விளக்குகளுக்கு ஆகும் செலவுக்கு முன் இது எம்மாத்திரம்! டிவி திரையிலும் பேச்சு வரிவடிவமாக வந்தால், வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலை லாரி ஹாரனுக்கு நடுவே டிவி பார்ப்பவருக்கும், காது மந்தமான தாத்தாவுக்கும் அது உதவும். தவிர, சைகைமொழியும் வரிவடிவமும் சலுகையல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-ஆம் பிரிவிலேயே அவற்றைச் சொல்கிறது. அடுத்த சீசனுக்கு ஆள் தேடும் சேனல்கள், முதலில் ஒரு சைகைமொழிபெயர்ப்பாளரைத் தேடட்டும்.