உண்டியலும் வாசற்படியும்

"மதம் மனிதனை நல்லவனாக்குகிறதா, சார்?"

சென்ற மாதம் ஒரு கல்லூரி இலக்கிய மன்றக் கூட்டத்தில், நான் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து இப்படிக் கேட்டான். மேடைப் பழக்கம் பொல்லாதது. கேள்வி காதில் விழுவதற்குள் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. "நதிகள் பல, தம்பி, கடல் ஒன்றுதான்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கேட்டவன் மட்டும் தட்டவில்லை. அவன் கேட்டது கடலைப் பற்றி அல்ல என்பது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பதில் தத்துவத்தில் ஆரம்பிக்கவில்லை. ஓர் அச்சகத்தில் ஆரம்பித்தது.

1999-ஆம் வருஷம். காவிரிக் கரை ஊர் ஒன்றில், ஒரு சின்ன அச்சகத்தில் நான் புரூப் திருத்துகிறவன். ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சடிக்கும் தொழில் நாட்டில் அநேகமாக எங்கும் நின்றுபோய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் அச்சகத்தில் மட்டும் ஒரு டிரெடில் மிஷின் இன்னும் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எழுத்துக் கோத்துக் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். முப்பது வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்தவர். எல்லோருக்கும் அவர் 'பாய்'; நான் அவருக்குத் 'தம்பி'.

அந்த ஆவணியில் ஒரே நாளில் இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் என் மேஜைக்கு வந்தன. ஒன்றில் முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. மற்றதில் ஒன்பதிலிருந்து பத்தரை. பாய் இரண்டையும் சரியாகத்தான் கோத்திருந்தார். நான்தான் ஏதோ ஞாபகத்தில் ஒன்றின் நேரத்தை மற்றதில் எழுதித் திருத்தினேன். புரூப்பில் இருந்தபடி அவர் மாற்றினார். ஐந்நூறு பத்திரிகை அச்சாகி, பாதி தபாலிலும் போய்விட்டது. வாங்கிப் போனவர் திரும்பி வந்து கத்திய கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டது. கேட்காதா? தாலி கட்டி, பந்தி முடிந்து, இலை எடுத்த பிறகு அல்லவா உறவினர்கள் வந்து நிற்பார்கள்!

முதலாளி பாயைக் கூப்பிட்டார். "புரூப்பில் இருந்தபடிதான் செய்தேன்" என்றார் பாய்.

"புரூப் எங்கே?"

புரூப் இல்லை. கத்தல் கேட்ட உடனேயே அதை எடுத்துக் கசக்கி, மை துடைக்கும் கந்தலுக்குள் நான் திணித்துவிட்டேன். பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அவ்வளவுதான். அந்த மாதச் சம்பளத்தைக் காகிதச் செலவுக்குப் பிடித்துக்கொண்டு முதலாளி அவரை அனுப்பிவிட்டார். ஈய எழுத்தைத் தவிர வேறு தொழில் தெரியாதவருக்கு, அந்தக் காலத்தில், அந்த ஊரில் வேறு எந்த அச்சகம் இருந்தது?

அந்த வெள்ளிக்கிழமை நான் சுவாமிமலைக்குப் போனேன். அறுபது படி ஏறி, முருகன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். உண்டியலில் முந்நூறு ரூபாய் போட்டேன். என் சம்பளத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். செய்த பாவத்தை விட, அன்று வந்த அந்தத் தூக்கம்தான் இன்று என்னை அதிகமாக உறுத்துகிறது.

பிறகு நான் கதைகள் எழுதினேன். பெயர் வந்தது. அநியாயத்தைக் கண்டு பொங்கும் கதாநாயகர்களையெல்லாம் படைத்தேன். பஸ் ஸ்டாண்டு அருகே பாய் குடை ரிப்பேர் செய்துகொண்டிருப்பதை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் பஸ்ஸின் மறுபக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தேன்.

2011-இல், அச்சகத்தில் பைண்டிங் செய்தவர் போன் செய்தார். "பாய் போயிட்டார்" என்றார். போனேன். பள்ளிவாசல் வாசலில், செருப்புகள் குவிந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் அவர் மகன் எழுந்து கூட்டத்தைப் பார்த்தான். "எங்க அத்தா யாருக்காவது பணம் காசு பாக்கி வச்சிருந்தா என்கிட்ட கேளுங்க, நான் கொடுத்துடறேன். யார் மனசாவது நோகிற மாதிரி நடந்திருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க" என்றான்.

அது அவர்கள் வழக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. கடனோடு இறந்தவருக்கு நபிகள் தாமே தொழுகை நடத்தத் தயங்கினார். வேறொருவர் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே நடத்தினார் என்று பிறகு படித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் பாய்க்குக் கடன்பட்டவன் நான். அவர் மகனோ என்னையும் சேர்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு ஒரு நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குக் கடவுளும் கிடையாது, கோயிலும் கிடையாது; பெரியாரைப் படித்து வளர்ந்தவன். முழுவதையும் கேட்டுவிட்டு, "உண்டியலில் போட்டாயே, அந்த முருகனா வேலை இழந்து குடை தைத்தான்? போய் அந்த வீட்டில் சொல்லிவிட்டு வாடா" என்றான்.

ஒரு நாத்திகன் சொன்ன வார்த்தைதான் என்னை மதங்களைப் படிக்க வைத்தது என்றால் நம்புவீர்களா? 'நம் மதம் என்ன சொல்கிறது பார்ப்போம்' என்று ஒரு வீம்போடுதான் ஆரம்பித்தேன். எடுத்த எடுப்பிலேயே திருவாரூர் என்னை மடக்கிவிட்டது.

மனுநீதிச் சோழன் கதை நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். தேர்க்காலில் கன்று மாண்டது. தாய்ப்பசு மணியை அடித்தது. அரசன் மகனைத் தேர்க்காலில் இட்டான். இறைவன் தோன்றி எல்லோரையும் எழுப்பினான். கோயிலின் வெளியே கல்தேர் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் கவனிக்காத ஒரு கட்டத்தைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் வைத்திருக்கிறார். மந்திரிகள் அரசனிடம், பசுவைக் கொன்ற பாவத்துக்கு சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்துவிட்டால் போதும் என்கிறார்கள். அரசன் கோபிக்கிறான். அந்தப் பிராயச்சித்தம் கன்றை இழந்து கதறும் பசுவின் நோய்க்கு மருந்தாகுமா என்று கேட்கிறான்.

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டுக்காரர். என் முந்நூறு ரூபாய்க்கு அவர் எப்போதோ பதில் எழுதி வைத்திருந்தார். மகனைத் தேர்க்காலில் இட்ட தீர்ப்பை நாம் இன்று ஏற்க முடியாது, ஏற்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியுமா?

அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கேள்வி. மலைப்பிரசங்கத்தில் ஏசு, காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனைத் திருப்பி அனுப்புகிறார். யாருக்காவது உன் மேல் குறை இருந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார். நபிகளோ உண்மையான ஓட்டாண்டி யார் என்று தோழர்களிடம் கேட்கிறார். காசில்லாதவன் அல்லவாம், தொழுகையும் நோன்புமாகப் புண்ணியம் சேர்த்துக்கொண்டு மறுமைக்கு வந்து, தான் திட்டியவனுக்கும் அடித்தவனுக்கும் பொருள் பறித்தவனுக்கும் அதையெல்லாம் பங்கு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவன்தானாம். யூதர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் பாவமன்னிப்பு நாள். முழுப் பட்டினி கிடந்து பிரார்த்திக்கிறார்கள். ஆனால் மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவத்தைத்தான் அந்த நாள் துடைக்கும். மனிதனுக்கு மனிதன் செய்ததை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தாத வரையில் துடைக்காது என்று அவர்களுடைய மிஷ்னா சொல்கிறது. புத்த பிக்குகள் மழைக்கால மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கி முடிந்ததும், ஒவ்வொருவராக சங்கத்தின் முன் வந்து, தன்னிடம் கண்ட குற்றம், கேட்ட குற்றம், சந்தேகப்பட்ட குற்றம் எதுவானாலும் சொல்லும்படி வேண்டுகிறார்கள்.

சமண வழக்கத்தை நான் நேரிலேயே பார்த்தேன். சௌகார்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்காரர். அவரிடம் நான் கடன் சொல்லித் துணி எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பர்யூஷண விரதம் முடியும் நாளன்று கடைப்பக்கம் போனேன். அவர் எழுந்து கைகூப்பி, "மிச்சாமி துக்கடம்" என்றார். தெரிந்தோ தெரியாமலோ உங்களுக்குச் செய்த பிழையெல்லாம் மறைந்து போகட்டும் என்று பொருள். பாக்கி வைத்தவன் நான். பிழை பொறுக்கச் சொன்னவர் அவர்! மறுநாளே பாக்கியைக் கொடுத்துவிட்டேன்.

இந்த மதங்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. கடவுள் ஒருவர் என்கிறது ஒன்று. பலர் என்கிறது ஒன்று. அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறது இன்னொன்று. மறுபிறவி உண்டு, இல்லை. மேலே போகிற பாதையில் இவை ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. ஆனால் கோயிலை விட்டு வெளியே வரும் பாதையில் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. 'நீ யாருக்குத் தீங்கு செய்தாயோ, அவன் வீட்டு வாசற்படிக்குப் போ.' மேடையில் கடல் ஒன்று என்றேனே, அது எனக்கு நிச்சயமில்லை. வாசற்படி ஒன்று என்பது நிச்சயம்.

'இதற்கு மதம் எதற்கு, மனச்சாட்சி போதாதா?' என்று என் நண்பன் கேட்பான். அவனுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. என் மனச்சாட்சி பன்னிரண்டு வருஷம் கதவைத் தட்டியது. நானும் ஒவ்வொரு தடவையும் உட்கார வைத்து உபசரித்து அனுப்பிவிட்டேன். மதம் அதற்கு ஒரு தேதியும், ஒரு முகவரியும், வாய்விட்டுச் சொல்ல ஒரு வார்த்தையும் கொடுக்கிறது. கோழைகளுக்கு அது பெரிய உதவி. அதே மதம் கோழைகளுக்கு உண்டியலையும் வைத்திருக்கிறது என்பதும் உண்மைதான். எதை எடுத்துக்கொள்கிறோம் என்பது நம் பொறுப்பு.

பாய் இறந்து நாற்பது நாள் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போனேன். மகன் தையல்காரன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். பிடித்துக்கொண்ட சம்பளம் ஆயிரத்து நானூறு; பன்னிரண்டு வருஷ வட்டியும் சேர்த்து ஓர் உறையில் ஐயாயிரம் வைத்திருந்தேன். நீட்டினேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு உறையைப் பிரித்து, ஆயிரத்து நானூறை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டான்.

"இது அத்தாவோட சம்பளம். வாரிசுக்குச் சேர வேண்டியது, எடுத்துக்கறேன். வட்டி எங்களுக்கு ஆகாதுங்க."

"என்னை மன்னிக்கணும்" என்றேன்.

"அது என்கிட்ட இல்லீங்களே. அவர்கிட்ட இருந்தது. அவர் இருக்கறப்போ வந்திருக்கலாம்" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னான். உள்ளேயிருந்து அவன் தாயார் டீ கொடுத்தனுப்பினார். குடித்துவிட்டு வந்தேன்.

மன்னிப்புக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாழ்க்கைக்கு நோக்கம் என்ன என்று நானும் பெரிய பெரிய புஸ்தகங்களில் தேடியவன். அந்தத் தெருவில் திருப்பத்திலிருந்து அவர்கள் வாசல் வரை நடந்த நூறு அடியில் எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. என்ன செய்ய வேண்டும், யாருக்காகச் செய்ய வேண்டும் என்பது நடுங்குகிற என் காலுக்குக்கூடத் தெரிந்திருந்தது. மதம் மனிதனை நல்லவனாக்குகிறதா என்று கேட்டாயே, தம்பி? ஆக்குவதில்லை. நல்லவனாக அடுத்து வைக்க வேண்டிய அடி எது என்று காட்டுகிறது. நடப்பது நம் கால்தான். நான் பன்னிரண்டு வருஷம் தாமதித்து நடந்தேன். நீ தாமதிக்காதே.

12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடீஸ் என்ற யூத அறிஞர், தீங்கிழைக்கப்பட்டவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்றும் எழுதி வைத்திருக்கிறார். கடன் இருந்தால் வாரிசிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் காதுபட, இன்னாருக்கு இன்ன குற்றம் செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

பாயின் பெயரில் விழுந்த கறையை அந்த அச்சகத்தில் துடைக்க வழியில்லை. அச்சகமே இப்போது இல்லை. பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு அந்தக் கல்லறைக்குப் போகும் உரிமையும் எனக்கு இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருப்பீர்கள். அந்தப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தைத் தப்பாகத் திருத்தியவன் நான். புரூப்பை ஒளித்தவனும் நான். பாய் சரியாகத்தான் எழுத்துக் கோத்திருந்தார்.