உழைச்செல்வானின் விண்ணப்பம்

ஒரு படிப்புக்கு விண்ணப்பிப்பவரிடம் "ஏன் இதைப் படிக்க விரும்புகிறாய்?" என்று கேட்பது நியாயமா? சாதாரணக் கேள்விதான். ஆனால் மருத்துவம் சார்ந்த படிப்பு என்று வரும்போது அதற்குள் ஒரு சங்கடம் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொருவருடைய நோயைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பாட்டியின் புற்றுநோய், அப்பாவின் விபத்து, பக்கத்துப் படுக்கையில் கிடந்த யாரோ ஒருவர். அவர்கள் பட்ட வலி நம்முடைய தகுதியாக எழுதப்படுகிறது. அடுத்தவர் வலியை எடுத்து நம் தகுதியாக வைத்துக்கொள்ளலாமா? எந்த நிபந்தனையில்?

இதை யோசிக்க ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவரின் மேற்பார்வையில், நோயாளியிடம் பேசி நோய் வந்த கதையைக் கேட்டுக் குறிப்பவர், உடலைப் பரிசோதிப்பவர், அதைத் தொகுத்து மருத்துவரிடம் சொல்பவர், ஆபரேஷன் தியேட்டரில் துணை நிற்பவர். பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. "பி.ஏ.ன்னா, பி.ஏ. வரலாறா?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு.

ஆனால் இந்த ஆளைத் தமிழ் முன்பே கவனித்திருக்கிறது. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்பவர். மருத்துவம் என்ற வீட்டுக்கு நான்கு தூண் என்றால் அதில் ஒரு தூண் இவர். நம் ஊர்களில் ஒரு காலத்தில் கம்பவுண்டர் என்றொருவர் இருந்தார். டாக்டர் பெயர் மறந்துபோனாலும் கம்பவுண்டர் பெயர் ஊருக்கு மறக்காது.

நவீன வடிவத்தில் இந்தப் படிப்பு 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யூஜீன் ஸ்டெட் என்ற மருத்துவர் முதல் வகுப்புக்கு எடுத்துக்கொண்ட நான்கு பேரும் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அதாவது படிக்க வருவதற்கு முன்பே காயத்தைத் தொட்டவர்கள். இந்தியாவுக்கு இந்தப் படிப்பு வந்தது சென்னை வழியாகத்தான். 1992இல் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதைத் தொடங்கினார். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் இந்தத் தொழிலும் இடம்பெற்றது.

இப்போது இரண்டு வாசல்களைப் பார்ப்போம்.

அமெரிக்க வாசலில், அந்த நாட்டுக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மதிப்பெண்ணோடு, நோயாளிகளோடு எத்தனை மணி நேரம் வேலை செய்தாய் என்று கேட்கும். பரிந்துரைக் கடிதங்கள் கேட்கும். கடைசியில், இடைவெளிகளையும் சேர்த்து 5,000 எழுத்துகளுக்குள், ஏன் இந்தத் தொழில் என்று உன் கதையை எழுதச் சொல்லும். தமிழ்நாட்டு அரசுக் கலந்தாய்வு வாசலில் இதெல்லாம் கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் வாசல் மனிதத்தன்மை உள்ளது, இரண்டாவது வெறும் எந்திரம் என்று சட்டென்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதிப்பெண்ணைத் தவிர எதையும் கேட்காத வாசலில் ஒரு மரியாதை இருக்கிறது. யாரும் தங்கள் வீட்டுத் துக்கத்தைக் கடைவிரிக்க வேண்டியதில்லை. மேலும், "அனுபவம் காட்டு" என்று கேட்டால் அந்த அனுபவம் யாருக்குக் கிடைக்கும்? ஆறு மாதம் சம்பளமில்லாமல் ஒரு மருத்துவமனையில் போய் நிற்கக்கூடிய பிள்ளைக்குக் கிடைக்கும். உறவில் ஒரு டாக்டர் இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும். மதிப்பெண்ணும் டியூஷன் காசில் ஏறக்கூடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணீரை நன்றாக எழுதத் தெரிவதும் ஒரு வசதிதான்.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது வடக்குப்பட்டில்.

ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர். 2022இல் இங்கே இந்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியபோது கற்கருவிகளும், ரோமானிய ஜாடி ஓடுகளும், பொன் அணிகளும் கிடைத்தன. சுற்றிலும் கார், பைக், செல்போன் உதிரிபாக ஆலைகள். ஷிப்ட் பஸ்கள் ஓயாது. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்கியிருக்கிறார்கள். அப்படி வந்த ஒருத்தி, பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் லைனில் நின்று காசு சேர்த்தவள், இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்தாள். அரசுக் கலந்தாய்வோடு ஒரு தனியார் கல்லூரிக்கும் போட்டிருந்தாள். அந்தக் கல்லூரி 500 சொற்களில் 'ஏன் இந்தப் படிப்பு' என்று எழுதித் தரச் சொல்லியிருந்தது. "அக்கா, ஒரு தடவ படிச்சுப் பாருங்களேன்" என்று கொண்டுவந்தாள்.

வீடியோக்களில் சொல்லித் தருகிற மாதிரியே எழுதியிருந்தாள். மனதை உருக்கும் ஒரு சம்பவத்தில் தொடங்கு என்பார்கள் இல்லையா, அப்படி. விடுதியில் ராத்திரி ஒரு தோழிக்கு வலிப்பு வருகிறது. அவள் இவள் மடியில் துடிக்கிறாள். கண்ணீர் வழிய இவளைப் பார்க்கிறாள். அந்த நொடியில் இவள் வாழ்க்கையின் பாதை தெரிகிறது. தோழியின் பெயர், ஊர், வேலை செய்யும் ஆலை எல்லாம் இருந்தன.

"அவகிட்ட கேட்டியா?" என்றேன்.

"எதுக்குக்கா? நல்லதத்தானே எழுதியிருக்கேன்."

நல்லதைத்தான் எழுதியிருந்தாள். ஆனால் வலிப்பு என்ற சொல் இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்று அவளுக்கே தெரியும். ஒப்பந்த வேலை போகலாம். பேசி வைத்திருக்கும் கல்யாணம் நின்றுபோகலாம். ஒருத்திக்கு அட்மிஷன் வாங்கித் தரும் அதே வரி இன்னொருத்தியின் சோற்றில் மண் போடலாம். மருத்துவத் தொழிலின் முதல் ஒழுக்கம், கேட்டதையும் பார்த்ததையும் காப்பாற்றுவது. அந்தத் தொழிலுக்குள் நுழைவதற்கான தாளிலேயே அது உடைந்தால் எப்படி?

போய்க் கேட்டாள். மறுநாள் வந்து சொன்னாள். தோழி முதலில் பயந்திருக்கிறாள். அப்புறம், "பேரு, கம்பெனி, ஊரு எதுவும் வேணாம். மத்தபடி எழுதிக்கோ" என்றிருக்கிறாள். கூடவே ஒரு திருத்தம்: "நான் அழுதேன்னு போடாத. எனக்கு அப்ப நெனவே இல்ல, நான் எப்படி உன்னப் பாத்து அழுவேன்? நீதான்டி அழுதே."

நான் இதுவரை கேட்ட எடிட்டிங்கிலேயே சிறந்தது இதுதான். உருக்கத்துக்காகச் சேர்த்த வரி, மருத்துவமாகவே தப்பு. உடல் முழுக்க இழுக்கும் வலிப்பில் நினைவு இருக்காது. வலி யாருடையதோ அவரிடம் கேட்டால் மரியாதையோடு உண்மையும் சேர்ந்து கிடைக்கிறது.

அப்படியானால் அன்றைக்கு உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டேன். ராத்திரி இரண்டு மணி இருக்கும். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடிவந்தார்கள். இவள் தடுத்தாள். ஆலையில் நடந்த முதலுதவி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்: இரும்பு கொடுக்கக் கூடாது, வாயில் எதுவும் வைக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வை, நேரம் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் காத்திருக்காதே. செல்போனில் நேரம் பார்த்தாள். மூன்று நிமிடம். மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். எவ்வளவு நேரம்? எந்தப் பக்கம் முதலில் இழுத்தது? அறையில் இருந்த அத்தனை பேரில் இவளால் மட்டும்தான் பதில் சொல்ல முடிந்தது. "வலது கைதான் மொதல்ல இழுத்துச்சு சார்." அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தாராம். உடலின் ஒரு பக்கத்தில் தொடங்குவதும், முழு உடலிலும் ஒன்றாகத் தொடங்குவதும் டாக்டருக்கு வேறு வேறு தடயங்கள்.

"இத ஏன் எழுதல?"

"இதுல என்னக்கா இருக்கு? நான் ஒண்ணும் பண்ணலையே."

இந்த இடத்தில்தான் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது என்று நினைக்கிறேன். உருகுவதை நாம் அறம் என்று எடுத்துக்கொள்கிறோம். பார்ப்பதை அறத்தில் சேர்ப்பதே இல்லை. சிமோன் வெய்ல் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி 1934–35இல் ஆசிரியர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பாரிஸ் பக்கத்து ஆலைகளில் தொழிலாளியாக நின்றார். கடைசியாக நின்றது ரெனோ ஆலையில். அதே பெயர்ப் பலகையை இன்று ஒரகடம் சாலையில் பார்க்கலாம். துன்பத்தில் இருப்பவருக்கு உலகத்தில் வேண்டியது தன்மேல் உண்மையான கவனம் வைக்கக்கூடிய ஒருவர்தான், அந்தத் திறன் மிக அரிது, பள்ளிப்படிப்பின் உண்மையான பயனே அந்தக் கவனத்தைப் பழக்குவதுதான் என்பது அவர் எண்ணம். உருகும்போது நம் மனம் பெரும்பாலும் நம்மையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கவனம் எதிரே இருப்பவரைப் பார்க்கிறது.

தொல்லியல் குழியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். ஓர் ஓட்டை எடுப்பதற்கு முன் அது எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று குறித்துக்கொள்வார்கள். குறிக்காமல் எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு. நோய்க்குறியும் அப்படித்தான். எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்பது இல்லாவிட்டால் அது வெறும் அலறல்.

இப்படிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இந்தச் சாலைக்குத் தெரியும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு ஒத்துக்கொள்ளாமல் 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட இருந்தவர்களுக்கு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. செத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ ஊழியரோடு ஒரு முதலுதவி அறை இருக்க வேண்டும் என்று அப்போது சொன்னது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அந்த அறை ஆலை கேட்டுக்குள் இருக்கிறது. விடுதியில் ராத்திரி இரண்டு மணிக்கு இருப்பது அறைத்தோழி மட்டும்தான்.

இன்னொரு நேர்மையும் இந்த விண்ணப்பத்துக்கு வேண்டும். "நீட்ல கிடைக்கலையா, இத எடு, கிட்டத்தட்ட டாக்டர்தான்" என்று சொல்லிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் ஆபத்து. இந்தப் பெயர்ச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் இந்தத் தொழிலாளர்களின் சங்கம் 2021இல் 'அசிஸ்டென்ட்' வேண்டாம், 'அசோசியேட்' என்று மாற்றுவோம் என முடிவெடுத்தது. பிரிட்டனில் நேர் எதிர்த் திசை. 'அசோசியேட்' என்பதை 'அசிஸ்டென்ட்' என்று மாற்றச் சொன்னது 2025 ஜூலையில் வந்த லெங் அறிக்கை. எதிரே நிற்பவர் டாக்டரா இல்லையா என்று நோயாளிகளுக்குப் புரியவில்லை என்பது அங்கே எழுந்த முக்கியமான கவலை. உதவியாளர் என்ற சொல்லில் கூசுவதற்கு ஒன்றுமில்லை. கூசுகிறவர் ஒருநாள் தனியாக போர்டு மாட்டிக்கொள்வார், அதற்கு நம் ஊரில் போலி டாக்டர் என்று பெயர். "இதற்கு மேல் எனக்குத் தெரியாது, டாக்டரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்வது இந்தத் தொழிலில் தோல்வி இல்லை, தொழிலே அதுதான்.

சம்பளத்துக்காக வருவதும் குற்றமில்லை. "நாப்பது வயசு வரைக்கும் லைன்ல நிக்க முடியாதுக்கா" என்று அவள் சொன்னாள். அதையும் எழுதச் சொன்னேன். பிழைப்பும் அக்கறையும் ஒரே ஆளிடம் இருக்கலாம். நம் அம்மாக்கள் எல்லாரிடமும் இருந்தது. பிழைப்பை மறைத்துவிட்டு அக்கறையை மட்டும் காட்டும் கட்டுரை, படிப்பவருக்கு எங்கோ பொய் வாடை அடிக்கும்.

ஆகவே இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். யார் வலியைச் சொல்கிறீர்களோ அவரிடம் கேளுங்கள். கேட்க முடியாத நிலையில் அவர் இருந்தால், அவரை அடையாளம் காண முடியாதபடி எழுதுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். என்ன உணர்ந்தீர்கள் என்பதைவிட என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், எதைச் செய்யாமல் நிறுத்திக்கொண்டீர்கள், யாரைக் கூப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். அரசுக் கலந்தாய்வு இதில் ஒன்றையும் கேட்காது. பரவாயில்லை, எழுதி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வார்டில், நைட் டியூட்டியில் வரும். அப்போது கேட்பவர் படுக்கையில் இருப்பார்.

இந்தக் கட்டுரைக்கும் அதே விதிதான். இரண்டு பெண்களிடமும் கேட்டேன், படித்தும் காட்டினேன். ஒன்றிரண்டு விவரங்களை மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன். எவை என்று சொல்லப்போவதில்லை.