கைமாற்று

போன ஆனியில் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வரவேற்றுப் பேசிய ஆசிரியர், "நம்ம மண்ணுல பிறந்து, சொந்த முயற்சியால முன்னுக்கு வந்து, அமெரிக்கா வரைக்கும் போயிட்டு, மறுபடி ஊருக்கே திரும்பி வந்திருக்கிற சாஃப்ட்வேர் இன்ஜினியர்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஊர் உண்மை, அமெரிக்கா உண்மை. 'சொந்த முயற்சி' என்ற இரண்டு சொற்கள்தான் அன்றிலிருந்து செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்துகின்றன.

எங்கள் ஊர் பாவூர்சத்திரத்துக்குப் பக்கம். அப்பா காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினார். அம்மா பீடி சுற்றினாள். இந்தப் பக்கம் அது தனியாகச் சொல்ல வேண்டிய செய்தியல்ல. தெருவுக்குப் பாதி வீட்டில் மடியில் தட்டோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு. ஒரு ஆள் காலையிலிருந்து இருட்டும்வரை குனிந்தே இருந்தால் ஆயிரம் தேறும். கடையில் கழித்துப் போடுவது போக மிச்சத்துக்குத்தான் காசு.

1996இல் அக்கா பத்தாம் வகுப்பு முடித்தாள். 500க்கு 431. கணக்கில் 96. நான் அப்போது எட்டாவது. அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போன வருஷம் அது. ஒரு ஆள் சுற்றினால் அரிசிக்குத்தான் சரியாக இருக்கும், இரண்டு ஆள் சுற்றினால் ஒரு பிள்ளை படிக்கலாம் என்று அம்மா கணக்குப் போட்டாள். "பொட்டப்பிள்ளைக்கு இது போதும்ட்டி" என்றாள். அக்கா அழுததாக எனக்கு நினைவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் எதைக் கவனித்தான்! நாலு வருஷம் கழித்து நான் பத்தாவதைவிட நல்ல மார்க் வாங்கி, கவுன்சிலிங்கில் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இடம் பிடித்தேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு நலநிதியிலிருந்து வரும் உதவித்தொகையும் கிடைத்தது. 1976இல் போட்ட சட்டம் அது. அம்மாவின் அடையாள அட்டையைக் காட்டி வாங்கியது. அக்காவின் அட்டை எதற்கும் தேவைப்படவில்லை. பிறகு சென்னையில் வேலை, நியூஜெர்சியில் மூன்று வருஷம், 2020 ஊரடங்கில் லேப்டாப்போடு ஊர். அதற்குப் பிறகு நான் திரும்பிப் போகவில்லை. இதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. என் தலைமுறையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதே கதைதான்.

ஊருக்குத் திரும்புவது என்றதும் இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் ஸ்ரீதர் வேம்பு. தென்காசியிலிருந்து கடையம் போகும் வழியில் மத்தளம்பாறையில் அவருடைய ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. 1989இல் சென்னை ஐஐடி, 1994இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், பிறகு குவால்காமில் வேலை, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2019இல் இந்தப் பக்கம் குடிவந்தது, 2021இல் பத்மஸ்ரீ. "தன் ஊருக்குத் திரும்பி வந்தவர்" என்று என் சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் பிறந்தது தஞ்சாவூர் மாவட்டம் என்று நான் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கோ அந்த விவரம்தான் முக்கியமாகப் படுகிறது. அவர் பிறந்த மண்ணுக்குக் கடன் அடைக்க வந்தவர் அல்ல. வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் போவதற்குப் பதிலாக, ஆள் இருக்கும் இடத்துக்கு வேலை வரலாம் என்று காட்ட ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தவர். இதை நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதைப் பார்த்து, என் திரும்புதலுக்கும் அதே மரியாதையைப் போர்த்திக்கொள்வது வேறு விஷயம். ஊருக்குத் திரும்பக் கொடுக்கிறேன் என்று சொல்வது சுலபம். ஊர் எதிரில் நின்று 'எப்ப தருவ' என்று கேட்காது.

ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாட்டு நூலில், ஒருவன் எந்த வீட்டில் பிறந்தான், எந்தத் திறமையோடு பிறந்தான் என்பதற்கு அவன் பெருமை கொள்ள நியாயமில்லை என்கிறார். முயன்று பார்க்க வேண்டும் என்ற மனம் வாய்ப்பதுகூடக் குடும்பச் சூழலைப் பொறுத்ததுதான் என்கிறார். முதலில் படித்தபோது பள்ளிக்கூட மேடையில் பட்ட உறுத்தலுக்கு மருந்து கிடைத்தது போல இருந்தது. எல்லாம் குலுக்கல். எனக்கு நல்ல சீட்டு விழுந்தது. ஆகவே வரி ஒழுங்காகக் கட்டுவேன், அரசுப் பள்ளியும் இடஒதுக்கீடும் இருக்க வேண்டும் என்பேன், கணக்கு நேர்.

நேராகவில்லை. குலுக்கலில் விழும் சீட்டு யார் கையிலிருந்தும் பிடுங்கப்பட்டதல்ல. என் சீட்டு அப்படி வரவில்லை. அது பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளின் கையிலிருந்து என் கைக்கு மாறியது. புரோநோட்டு இல்லாமல், வட்டி இல்லாமல், வாய்ச்சொல்லில் வாங்கும் கடனுக்கு நம் ஊரில் கைமாற்று என்று பெயர். கொடுத்தவரும் வாங்கியவரும் மனதில் வைத்திருந்தால்தான் அது உண்டு. ரால்ஸின் நீதியில் நான் சமூகத்துக்கு முழுவதும் கட்டிமுடித்த பிறகும் இந்தக் கைமாற்று அப்படியே நிற்கும்.

பணம் கொடுக்காமல் இல்லை. அக்கா வீட்டுக்குத் தளம் போட்டுக் கொடுத்தேன். அத்தானுக்கு ஆபரேஷன் என்றபோது நின்றேன். பணம் பணத்தைத்தான் அடைக்கும் போலிருக்கிறது.

அக்கா மகள் போன வருஷம் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். நான் மனதுக்குள் எல்லாம் தீர்மானித்து வைத்திருந்தேன்: சென்னையில் நல்ல கல்லூரி, முழுச்செலவும் என்னுடையது. அவளோ, "மாமா, நான் ஜோஹோ ஸ்கூலுக்கு எழுதப்போறேன்" என்றாள். கட்டணம் இல்லை, மாதம் உதவித்தொகை, இரண்டு வருஷம், பட்டம் கிடையாது. பட்டம் இல்லாமலும் நல்ல புரோகிராமர் ஆகலாம் என்று 2000களின் நடுவிலிருந்தே அவர்கள் செய்துகாட்டி வருகிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் பட்டத்தோடு வந்து ஒரு வரி கோட் எழுதத் திணறியவர்களும் உண்டு. தெரிந்தும் எனக்கு ஒப்பவில்லை. நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாற வேண்டும் என்றால், விசா வேண்டும் என்றால் அந்தக் காகிதத்தைத்தானே கேட்பான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குற்றாலத்துக்குப் போயிருந்தோம். நல்ல சாரல். பேரருவியில் மேலிருந்து வரும் தண்ணீர் நேரே தலையில் விழுவதில்லை. பாதியில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கித்தான் கீழே வருகிறது. அது இல்லாவிட்டால் அடியில் ஒருவரும் நிற்க முடியாது. துணிப்பையோடு வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா தலையைப் பிழிந்துகொண்டு வந்தாள். மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சை எடுத்தேன். "அவளாவது காலேஜுக்குப் போகட்டும்க்கா. உனக்குக் கிடைக்காததை அவளுக்காவது நான் செய்யணும்லா."

அக்கா பழத்தை உடைத்துக்கொண்டே சொன்னாள். "அவ அவளுக்காகப் படிக்கட்டும்லே. எனக்குப் பதிலா யாரும் படிக்கவேண்டாம்."

"அதுக்கில்லக்கா. நீ விட்டுக்கொடுத்ததாலதான நான்…"

"நான் எங்க விட்டுக்கொடுத்தேன்? எங்கிட்ட யாரு கேட்டா?"

இதற்கு ரால்ஸிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. கொடுத்தவர் கொடுக்கவே இல்லை என்றால் அது கைமாற்றும் அல்ல. 'அக்காவின் தியாகம்' என்று இத்தனை வருஷம் நான் நண்பர்களிடம் நெகிழ்ந்து சொல்லிவந்தது, அவளிடம் கேட்காமல் எடுத்ததற்கு நானாகச் சூட்டிக்கொண்ட அழகான பெயர். தியாகம் என்றால் அவளுக்குப் பெருமை, எனக்கு நிம்மதி. அவள் அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். மகளை ரசீதாக எழுதித்தரவும் மறுத்துவிட்டாள்.

மருமகள் தேர்வு எழுதி அந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். விசா பற்றிய என் கவலை இன்னும் போகவில்லை. அவளுக்கு அப்படி ஒரு கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

குற்றாலத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஒன்று கேட்டாள். அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் என்னிடமா இருக்கிறது? அம்மா எல்லாக் காகிதத்தையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தாள். நான் கல்லூரிக்குப் போகும்போது அந்தப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். வீட்டில் தேடினேன். என் பட்டச் சான்றிதழுக்குக் கீழே, பாலித்தீன் உறைக்குள், ஓரம் பழுத்துக் கிடந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியிலிருந்த பீடித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கணக்குல 97லே. நீ ஊரு பூரா 96ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்க" என்றாள்.