காணாததும் இல்லாததும்

ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டோர் நாள்தோறும் கேட்கும் முறைப்பாடுகளுள் 'வயிற்றுக்குத்து' முதலிடம் பெறுவது. கணக்குப் பாடம் தொடங்கும் வேளையிலே வயிறு வலிக்கும். விளையாட்டுக்கு மணியடித்ததும் வலி பறந்துவிடும். இவ்வனுபவம் காலப்போக்கில் எம்மிடம் ஒரு தீர்மானத்தை வளர்த்துவிடுகிறது: வயிற்றுவலி என்பது ஒரு சாட்டு. காய்ச்சலைத் தொட்டறியலாம், காயத்தைக் கண்ணாற் காணலாம், வயிற்றுவலிக்கோ வலிப்பவனின் வாய்ச்சொல்லையன்றி வேறு சாட்சியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பிலே கூலித் தொழிலாளி ஒருவரின் மகன் படித்தான். வயிற்றுவலி என்று மாதக்கணக்கிற் சொல்லிவந்தான். நாம் அவனைத் திரும்பவும் வாங்கில் இருத்தினோம். ஒருநாள் கடிந்தும் கொண்டோம். தாய் அவனை மூன்று முறை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றாள். மூன்று முறையும் நீண்ட வரிசை, இரண்டு நிமிடப் பார்வை, பூச்சி மருந்து. நான்காம் முறை, 'இவனுக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பயம்' என்ற தீர்ப்புக் கிடைத்தது. அவன் எலும்புந்தோலுமான பின்னரே வேறொரு வைத்தியர் ஆறுதலாக விசாரித்து, வேண்டிய பரிசோதனைகளைச் செய்வித்தார். குடலிற் காசநோய். மருந்துண்டு பிழைத்துக்கொண்டான், ஓராண்டுப் படிப்புப் போயிற்று. 'ஒன்றுமில்லை' என்ற வைத்தியரைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. அத்தீர்ப்பை அவருக்கு முன்னரே நாம் வழங்கியிருந்தோம்.

ஒருவனைப் பார்த்து 'உனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லும் உரிமை எமக்கு எப்போது பிறக்கிறது? இது வைத்தியத்துக்கு மட்டும் உரிய வினாவன்று, அறத்துக்கும் உரியது.

நம் முன்னோரின் தருக்க நூல்கள் இவ்வினாவை அறிந்திருந்தன. ஒரு பொருள் காணப்படாமையிலிருந்து அதன் இன்மையை அறிவதையும் ஓர் அளவையாக எண்ணியோர் அவருள் உளர். ஆயின் அதற்கு அவர்கள் ஒரு நிபந்தனை விதித்தனர். அப்பொருள் அங்கே இருந்திருப்பின் நிச்சயமாகக் காணப்பட்டிருக்க வேண்டும். வெளிச்சமுள்ள அறையிலே குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டறையில் நின்றுகொண்டு குடம் இல்லை என்பவன் குடத்தைப்பற்றி எதையும் சொல்லவில்லை. தன்னிடம் விளக்கு இல்லை என்பதையே சொல்கிறான்.

மனிதனின் சிறுகுடல் இத்தகையதோர் இருட்டறை. ஏறக்குறைய 6 மீற்றர் நீளமான அது, மடிந்து மடிந்து வயிற்றினுள்ளே கிடக்கிறது. அதன் நோய்களுட் சில அரியவை. சில அரியவையென்று எண்ணப்பட்டவை. சீலியாக் என்னும் நோயின் வரலாறு இவ்விரண்டாம் வகைக்குத் தக்க சான்றாகும்.

இந்நோயுற்ற குழந்தைகள் வயிறு ஊதி, கைகால் சூம்பி, ஓயாது வயிற்றோட்டத்தால் வருந்துவர்; இறந்தோரும் பலர். 1888இல் சாமுவேல் ஜீ என்ற ஆங்கில வைத்தியர் இதனைத் தெளிவாக விவரித்தார். இது தீருமாயின் உணவு முறையினாலேயே தீரும் என்றும் கண்டார். ஒல்லாந்து மட்டியை நாள்தோறும் உண்டு தேறிய ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். மட்டிக் காலம் முடிந்ததும் நோய் திரும்பியது. ஆனால், மெல்லியதாக வெட்டிச் சுட்ட பாணை உண்ண அவர் அனுமதித்தார். நஞ்சு அந்தப் பாணிலேதான் இருந்தது என்பதை அவர் அறியவில்லை.

1924இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவினால் எட்டுக் குழந்தைகளைத் தேற்றினார். பலநூறு குழந்தைகளின் உயிரைக் காத்த முறை அது. ஆயினும் வாழைப்பழமே மருந்து என்று உலகம் நம்பியது. உண்மையில் அக்குழந்தைகளைக் காத்தது அவர்கள் உண்ட வாழைப்பழமன்று. அவர்கள் உண்ணாதுவிட்ட பாண். தேறிவிட்டார்கள் என்று எண்ணிப் பாணை மீண்டும் கொடுத்தபோது நோயும் மீண்டது.

உண்மைக்கு வழிகாட்டிய முதற் சொல் எங்கிருந்து வந்தது? ஒல்லாந்திலே ஹேக் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையிற் பணிபுரிந்த வில்லெம் டிக்கே என்பவரிடம் ஓர் இளந்தாய் ஒரு செய்தியைச் சொன்னாள். பாணை நிறுத்தினால் தன் பிள்ளையின் தோலிற் படரும் தடிப்பு விரைவில் ஆறுகிறது என்றாள். படித்த வைத்தியர் ஒருவர் புன்னகையோடு தள்ளிவிடக்கூடிய பேச்சு அது. டிக்கே தள்ளிவிடவில்லை, நம்பிவிடவுமில்லை. 1930களின் நடுப்பகுதியிலிருந்து கோதுமையை நீக்கியும் சேர்த்தும் ஆண்டுக்கணக்கிற் பரிசோதித்தார். 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நாஸிகளின் பிடியிலிருந்த ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது, பல்லாயிரவர் மாண்டனர். பாண் அருகிய அக்காலத்து அவதானங்களும் அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தின. 1950இல் தம் ஆய்வை உற்றெக்ட் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்தார். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதப் பகுதியே தீங்கு செய்வது என்பதை அவரும் அவருடைய சகாக்களும் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினர்.

குடலின் உட்சுவர் சிதைந்திருப்பதைச் சத்திரசிகிச்சையின்போது பெற்ற இழையங்களிற் கண்டு 1954இல் போலி என்பவர் வெளியிட்டார். 1956இல் மார்கொட் ஷைனர் வாய்வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலின் இழையத்தை எடுக்கும் முறையை அறிவித்தார். அன்றுதான் இருட்டறைக்குள் விளக்கு வந்தது. இன்று இரத்தப் பரிசோதனையே முதற் குறிப்பைத் தருகிறது. விளக்கு வந்தபின் வெளியான உண்மை யாது? அரிதென்று கருதப்பட்ட அந்நோய் ஐரோப்பாவில் ஏறக்குறைய நூற்றுவரில் ஒருவருக்கு உண்டு. வயிற்றோட்டமே இல்லாமல், இரத்தச்சோகையாகவோ எலும்புத் தேய்வாகவோ மட்டும் அது தலைகாட்டுவதுமுண்டு. நோய் அருகியிருக்கவில்லை, தேடியோரே அருகியிருந்தனர்.

காரணம் தெரியாத இடத்தில் 'மனம்' என்ற சொல்லைப் போட்டு நிரப்புவது நெடுங்கால வழக்கம். இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் அமிலமுமே காரணம் என்று பல தலைமுறை வைத்தியர்கள் போதித்தனர். அவுஸ்திரேலியரான றொபின் வொறனும் பரி மார்ஷலும் 1982இல் இரைப்பையிலிருந்து ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தனர். 1984இல் மார்ஷல் அதனைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை எத்தனை நோயாளர் தம் மனத்தையே குற்றவாளியாக எண்ணி வருந்தியிருப்பர்!

அங்ஙனமாயின் நோயாளி சொல்வதெல்லாம் வேதவாக்கோ எனச் சிலர் வினவலாம். அன்று. வாழைப்பழத்தின் கதை எமக்கு அதையும் கற்பிக்கிறது. தேறியது உண்மை, தேறியதற்குச் சொன்ன காரணம் பிழை. நோவு உண்டு என்பதற்கு நோயாளியே சாட்சி. நோவின் காரணத்துக்கோ பரிசோதனையே சாட்சி. முன்னதை மறுப்பவன் கொடியவன். பின்னதை விட்டுவிடுபவன் மூடநம்பிக்கைக்கு வழிதிறக்கிறான். இன்னொன்றையும் மறத்தலாகாது. குடலும் மூளையும் நரம்புகளால் ஓயாது பேசிக்கொள்பவை. அச்சத்தாற் பிறக்கும் வயிற்றுவலியும் வலியே. 'மனத்தால் வந்தது' என்பது ஒரு நோய்க்கணிப்பாக இருக்கலாம். அது வசையாகவும் வாயிற்கதவை மூடும் தாழ்ப்பாளாகவும் பயன்படும்போதே அநீதியாகிறது.

இவ்வநீதி எல்லோர்க்கும் சமமாக நிகழ்வதில்லை என்பதைச் சிந்திப்போர் உணர்வர். வசதியுள்ளவன் முதல் வைத்தியர் 'ஒன்றுமில்லை' என்றால் இரண்டாமவரிடமும் மூன்றாமவரிடமும் செல்வான். நாட்கூலியை இழந்து வரிசையில் நிற்பவளுக்கு முதற் தீர்ப்பே முடிந்த தீர்ப்பு. இலவச வைத்தியம் எமது மக்கள் பெற்ற பெரும்பேறு. அதைக் காப்பது எமது கடமை. ஆனால், நூறு பேரை ஒரு காலையிற் பார்க்க வேண்டிய வைத்தியரிடம் ஆறுதலான விசாரணையை எதிர்பார்ப்பது எங்ஙனம்? அரிய நோயைக் கண்டறியக் கருவி வேண்டும். அதற்கு முன்னர் நேரம் வேண்டும். அந்நேரமும் ஏனைய பண்டங்களைப்போலவே இன்று பணத்துக்கேற்பப் பங்கிடப்படுகிறது. கூடுதலான வைத்தியர்களையும் தாதியரையும் கேட்டுப் போராடுவது, ஏழையின் சொல்லுக்குச் செவி கேட்டுப் போராடுவதே.

மருத்துவத்தின் நான்கு உறுப்புக்களை எண்ணும் வள்ளுவர், 950ஆம் குறளிலே நோயுற்றவனை முதலிலும் தீர்ப்பவனை அவனுக்கு அடுத்தும் வைக்கிறார். அக்குறளைப் பல ஆண்டுகளாக வகுப்பிற் பொழிப்புரைத்து வந்தோம். அந்த வரிசையின் பொருளை அந்த மாணவனிடமிருந்துதான் கற்றோம்.

இப்போது எமது வகுப்பில் ஒரு பிள்ளை வயிற்றுக்குத்து என்று எழுந்து நின்றால் சில கேள்விகள் கேட்கிறோம். எவ்வளவு காலமாக? எதைச் சாப்பிட்டபின்? இரவிலே நித்திரையைக் கெடுக்கிறதா? உடம்பு மெலிகிறதா? பெரும்பாலும் அது கணக்குப் பாடத்தின் வலியாகவே இருக்கிறது. பிள்ளையும் சிரித்துக்கொண்டு அமர்ந்துவிடும். அதனால் நாம் இழப்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை மறுத்தமையாலேயே ஒருவன் ஓர் ஆண்டை இழந்தான்.